ஏர் இன்டேக் டக்ட்டை வீட்லயே கழட்டலாம், பொறுமை இருந்தா போதும்

கார் பானெட்டைத் திறந்தா நம்மள்ல நிறைய பேர் கை வைக்கிறது டிப்ஸ்டிக்ல, வைப்பர் தண்ணி ஊத்தற டப்பாவுல, கொஞ்சம் ஆர்வம் இருந்தா ஏர் ஃபில்டர்ல, அதோட சரி. அந்த ஃபில்டர் பாக்ஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு கருப்பு குழாய் போகுது பாருங்க, அதுதான் ஏர் இன்டேக் டக்ட், அதை யாரும் கண்டுக்கறதே இல்ல. சர்வீஸ்ல கூட ஃபில்டரை மாத்துவாங்க, குழாயைத் தொட மாட்டாங்க. வண்டி கொஞ்சம் திணறினாலே இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஸ்பார்க் பிளக்னு பில் நீளமா போகும், ஆனா காத்து உள்ள போற வழி ஒழுங்கா இருக்கான்னு பாக்க அரை மணி நேரம் போதும், அதுவும் நம்ம வீட்டு வாசல்லயே. பத்து வருஷம் தாண்டின வண்டி வச்சிருக்கறவங்க இதைக் கண்டிப்பா ஒரு தடவை கழட்டிப் பாக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன், அதான் இவ்ளோ விரிவா எழுதறேன்.

முதல்ல அது என்னன்னு பாத்துடலாம். காரோட மூக்குன்னு வச்சுக்கோங்க. கிரில்லுக்குப் பின்னாடியோ ஹெட்லைட் பக்கத்துலயோ ரேடியேட்டருக்கு மேல இருக்கற பட்டையிலயோ ஒரு வாய் இருக்கும், அங்கருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் ஃபில்டர் பாக்ஸுக்குப் போகும். பாக்ஸ்ல ஃபில்டர் பேப்பரைத் தாண்டின காத்து இன்னொரு குழாய் வழியா த்ராட்டில் பாடிக்குப் (ஆக்சிலரேட்டர் மிதிக்கறதுக்குத் தகுந்த மாதிரி காத்தை இன்ஜினுக்குள்ள விடற கதவு) போகும். இந்த ரெண்டாவது குழாய் பெரும்பாலும் ரப்பர், மடிப்பு மடிப்பா இருக்கும். ஏன் மடிப்புன்னா இன்ஜின், மவுண்ட்னு சொல்ற ரப்பர் தாங்கி மேல உக்காந்து ஆடிட்டே இருக்கும், ஃபில்டர் பாக்ஸ் பாடில ஃபிக்ஸ் ஆகி ஆடாம நிக்கும், அந்த வித்தியாசத்தை மடிப்புதான் தாங்கணும். தாங்கித் தாங்கித்தான் அதுக்கு வயசாகுது, இன்ஜின் சூடு வேற. சில வண்டில குழாயோட பக்கவாட்டுல ஒரு காலி டப்பா ஒட்டிட்டு இருக்கும், எதுக்குன்னே தெரியாது, உள்ள ஒண்ணுமே இருக்காது. அது ரெசனேட்டர். ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி சொன்ன தத்துவம், காத்து உறிஞ்சற உறுமல் சத்தத்துல குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் அந்தக் காலி இடம் அடக்கிடும். வேண்டாத டப்பான்னு கழட்டித் தூக்கிப் போட்றாதீங்க, இன்ஜினுக்கு ஒண்ணும் லாபம் இல்ல, வண்டிக்குள்ள இரைச்சல்தான் ஏறும்.

எவ்ளோ காத்து இந்த வழியா போகுதுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? பெட்ரோல் முழுசா எரியறதுக்கு 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ பக்கம் எடை, அப்போ லிட்டருக்கு 11 கிலோ காத்து, அளவுல பாத்தா சுமார் 9,000 லிட்டர். 35 லிட்டர் டேங்க் ஒண்ணு காலியாகறதுக்குள்ள 3 லட்சம் லிட்டர் காத்து அந்தக் குழாய் வழியா போயாகணும். நம்ம ஊர் ரோட்டுப் புழுதியோட. இதுல ஃபில்டரைத் தாண்டின இடத்துல ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அவ்ளோ புழுதியும் நேரா சிலிண்டருக்குள்ள, அங்க ஆயிலோட சேர்ந்து பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேச்சுக்கிட்டே இருக்கும்.

நம்ம வண்டி பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். கிளட்ச் விட்டு நகத்தும்போது ஒரு திணறல், செகண்ட் கியர்ல ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஒரு நொடி யோசிச்சுட்டுப் போகும், நின்னுட்டு இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு செக் இன்ஜின் லைட்டும் வந்துடுச்சு. ஒரு சர்வீஸ் சென்டர்ல கேட்டா இன்ஜெக்டர் கிளீனிங்னு எழுதிட்டாங்க, "குழாயைக் கழட்டிப் பாத்தீங்களா"ன்னு கேட்டா "மேலோட்டமா பாத்தோம் சார், ஓகேதான்"னு பதில். வீட்டுக்கு வந்து ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற 16 பின் சாக்கெட்ல புளூடூத் ஓபிடி ஸ்கேனரைச் (வண்டி பதிவு பண்ணி வச்ச எரர் கோடைப் படிக்கற கருவி) சொருகிப் பாத்தேன், பி0171னு எரர் கோடு. அப்படின்னா சிஸ்டம் லீன், காத்து அதிகம் பெட்ரோல் கம்மி. லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் பிளஸ் 20 பக்கத்துல நின்னுச்சு, அதாவது வழக்கத்தைவிட இருபது சதவீதம் கூட பெட்ரோல் ஊத்தித்தான் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) சமாளிச்சுட்டு இருக்கு. சென்சார் எண்ணாத காத்து எங்கயோ உள்ள புகுது, அதை நேர்ல தேடறதுதான் சரி.

ஏன் குழாயைச் சந்தேகப்பட்டேன்னா, நம்ம வண்டில எம்ஏஎஃப் சென்சார் இருக்கு, ஃபில்டர் பாக்ஸ் மூடியிலருந்து குழாய் கிளம்பற இடத்துல. உள்ள எவ்ளோ காத்து போகுதுன்னு அளந்து இசியூவுக்குச் சொல்றது அதுதான். அதைத் தாண்டின பிறகு குழாய்ல வெடிப்பு இருந்தா அது வழியா வர்ற காத்து கணக்குலயே வராது. கிளட்ச் விடும்போது இன்ஜின் மவுண்ட்ல சாயும் இல்லையா, அந்த நேரம் மட்டும் மடிப்பு விரிஞ்சு வெடிப்பு வாயைத் திறக்கும், நிக்கும்போது மூடிக்கும். அதான் நின்னுட்டு இருக்கும்போது வண்டி நல்ல பிள்ளை.

சாமான்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. 10 எம்எம் சாக்கெட் போட்ட ஒரு டி ஸ்பேனர், ஸ்டார் ஸ்குரூடிரைவர், தட்டை ஸ்குரூடிரைவர் ஒண்ணு, நோஸ் பிளையர், நல்ல டார்ச், ரெண்டு சுத்தமான காட்டன் துணி (பஞ்சு உதிராத துணியா இருக்கணும், பழைய டி ஷர்ட் ஓகே, டர்க்கி டவல் வேணாம்). கிளிப், போல்ட்டெல்லாம் போட ஒரு கிண்ணம். வண்டி ஆறி இருக்கணும், காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி செய்யறதுதான் பெஸ்ட். சாவியை எடுத்து வீட்டுக்குள்ளயே வச்சுடுங்க, சில வண்டில சாவி ஆஃப்ல இருந்தாலும் சூடா இருந்தா ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்தும், கை பக்கத்துலதான் இருக்கும். தொடங்கறதுக்கு முன்னாடி போன்ல நாலா பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, முக்கியமா கிளாம்ப் எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு தெரியற மாதிரி.

முன் பக்க பிளாஸ்டிக் குழாய்லருந்து ஆரம்பிங்க. ரேடியேட்டர் மேல பட்டையில ரெண்டு கருப்பு பிளாஸ்டிக் கிளிப் பிடிச்சிருக்கும், சில வண்டில 10 எம்எம் போல்ட். கிளிப்பை அப்படியே நெம்பினா உடையும். நடுவுல ஒரு சின்ன வட்டம் தெரியும், முதல்ல அந்த நடு பின்னை மட்டும் தட்டை ஸ்குரூடிரைவர் முனையால கால் இஞ்ச் தூக்கணும், ஒரு 'டிக்' சத்தம் வரும், அப்போதான் கீழ விரிஞ்சிருக்கற கால் சுருங்கும், அதுக்கப்புறம் மொத்த கிளிப்பும் விரலாலயே வந்துடும். சிலதுல நடுவுல ஸ்டார் தலை இருக்கும், அதைக் கால் சுத்து திருப்பினா எழும்பும். இன்னும் சிலதுல நடு பின்னை உள்ள அமுக்கணும், தூக்கக் கூடாது, அதனால எந்த ரகம்னு பாத்துட்டு கை வைங்க. வெயில்ல வெந்து வெந்து பழைய கிளிப் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், ஒண்ணு ரெண்டு உடைஞ்சா கவலைப்படாதீங்க, பாக்கெட் போட்டு சல்லிசா விக்கறாங்க. கிளிப் வந்ததும் குழாயை ஃபில்டர் பாக்ஸ் வாய்லருந்து லேசா ஆட்டி ஆட்டி இழுத்தா வந்துடும். உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. நம்மதுல வேப்பிலைச் சருகு ஒரு கைப்பிடி, கூடவே எலி கொறிச்ச ஃபோம் துண்டு. பார்க்கிங்ல எலி இருந்தா ஃபில்டர் பாக்ஸ் அதுக்கு அருமையான வீடு, மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை திறந்து பாத்துடறது நல்லது.

அடுத்து எம்ஏஎஃப் சென்சார் கனெக்டர். லாக்கை அமுக்கிட்டு கனெக்டரோட பிளாஸ்டிக்கைப் பிடிச்சு இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. லாக்ல மண்ணு சேர்ந்து இறுகி இருந்தா முதல்ல கனெக்டரை உள்ள இன்னும் கொஞ்சம் தள்ளிட்டு, அப்புறம் லாக்கை அமுக்கினா சுலபமா விடும். அதுக்கு அப்புறம் பிரீதர் ஹோஸ், வால்வ் கவர்லருந்து (இன்ஜினோட மேல் மூடி) வந்து மடிப்புக் குழாய்ல சேர்ற விரல் தண்டி ரப்பர். ஸ்பிரிங் கிளிப்போட ரெண்டு காதையும் பிளையரால சேத்து அமுக்கி பின்னாடி தள்ளிட்டு ஹோஸை உருவலாம். இது கழண்டு கிடந்தாலும் இதே லீன் பிரச்சினை வரும், அதனால இதோட வாயும் வெடிச்சிருக்கான்னு பாருங்க.

இப்போ முக்கியமான ஆளு, மடிப்பு ரப்பர் குழாய். ரெண்டு முனையிலயும் ஸ்குரூ வச்ச கிளாம்ப். முழுசா கழட்ட வேண்டாம், தளர்ந்து குழாய் மேல நகர்ற அளவுக்கு விட்டா போதும். ஸ்குரூ தலை கைக்கு எட்டாத பக்கம் திரும்பி இருந்தா ஸ்டார் ஸ்குரூடிரைவரோட மல்லுக்கட்டாதீங்க, தலை வழுக்கிடும், பெரும்பாலான கிளாம்ப் ஸ்குரூவுக்கு அறுகோண தலையும் இருக்கும், 8 எம்எம் இல்ல 10 எம்எம் சாக்கெட் உக்காரும். கிளாம்ப் தளர்ந்தும் ரப்பர் வராது, வருஷக்கணக்கா உக்காந்து ஒட்டிப் போயிருக்கும். நேரா இழுத்தா கிழியும். ரெண்டு கையாலயும் குழாயைச் சுத்திப் பிடிச்சு இடமும் வலமுமா திருகணும், முதல்ல அசையவே அசையாது, ஒட்டு விட்டதும் சட்டுன்னு சுழலும், அப்போ இழுத்தா வந்துடும். ஸ்குரூடிரைவரை ரப்பருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவுல விட்டு நெம்பறதைப் பாத்திருக்கேன், வேண்டவே வேண்டாம், அலுமினிய வாய்ல கோடு விழும், அப்புறம் எந்தக் குழாய் போட்டாலும் காத்து கசியும். த்ராட்டில் பாடியை ஒட்டி ரெண்டு சின்ன ஹோஸ் போகும், சில வண்டில அது கூலன்ட், அதைத் தொடாதீங்க.

குழாய் வெளிய வந்த அடுத்த நொடி த்ராட்டில் பாடி வாயைத் துணியால அடைச்சுடுங்க. துணியோட ஒரு முனை நல்லா நீளமா வெளிய தொங்கட்டும், திரும்ப மாட்டும்போது கண்ணுல படணும். ஒரு சின்ன வாஷர் உள்ள விழுந்தாலும் வேலை பெருசு.

குழாயைக் கையில வச்சு மேலோட்டமா பாத்தா நம்மதும் நல்லாத்தான் இருந்துச்சு, பளபளன்னு கருப்பா. மடிப்பைக் கையால விரிச்சாத்தான் தெரியும். ஒவ்வொரு பள்ளமா விரிச்சு, குழாயை வளைச்சுப் பாத்துட்டே வந்தேன், அடிப்பக்கம் மூணாவது பள்ளத்துல சாம்பல் கலர்ல மெல்லிசா ஒரு கோடு, நகத்தால தொட்டா பிளந்துக்குது, ரெண்டு விரல் நீளம். உள்ள டார்ச்சை விட்டு ரூம் லைட்டை அணைச்சோம், வெளிச்சம் அந்தக் கோட்டுல கத்தி மாதிரி வெளிய வந்துச்சு. வீட்டம்மா பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சுட்டு இருந்தாங்க, "இதுக்கா இன்ஜெக்டரைக் கிளீன் பண்ணச் சொன்னாங்க"ன்னு கேட்டாங்க. வண்டியில மாட்டி இருக்கும்போது அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது, அதான் கழட்டித்தான் பாக்கணும்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

தற்காலிகமா ஒட்டலாமான்னு கேப்பீங்க. எம் சீல் போட்டா இறுகி நிக்கும், மடிப்பு ஆடும்போது அதுவே பேந்துடும். பிளாக் இன்சுலேஷன் டேப் சூட்டுல பசை இளகி நழுவும். தன்மேலயே ஒட்டிக்கற சிலிக்கான் டேப் கிடைக்குது, எண்ணெய்ப் பிசுக்கை நல்லா துடைச்சுட்டு வெளிப்பக்கம் இழுத்துச் சுத்தினா கடைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் தாங்கும். ஊர்ப்பக்கம் பழைய சைக்கிள் டியூபை நீளமா வெட்டி இறுக்கிச் சுத்துவாங்க, அவசரத்துக்கு அதுவும் சரிதான். நிரந்தரம்னா புதுக் குழாய்தான். சென்னைல இருந்தா ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோடு இருக்கு நமக்கு. பழைய குழாயைப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. கடைல அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, எந்த இயர் மாடல்? பெட்ரோலா டீசலா?" நான் சொன்னதும், "ஆர்சி போட்டோ வச்சிருக்கியா, சேஸிஸ் நம்பரைச் சொல்லு, ஒரே வண்டிக்கு ரெண்டு விதமா வருது"ன்னாரு. அது உண்மைதான், பிரீதர் ஹோஸ் சேர்ற இடம் ஒரு மாடல்ல மேல, இன்னொண்ணுல பக்கவாட்டுல. "புதுப்பேட்டைல பழசு கிடைக்குமாண்ணே"ன்னு கேட்டதுக்கு, "பானெட்டு, கதவு, கண்ணாடின்னா பழசு வாங்கு தம்பி, ரப்பரைப் பழசு வாங்காத, அதுவும் உன் வண்டி வயசுதானே"ன்னாரு. எனக்கு அது ரொம்ப நியாயமா பட்டுச்சு.

புதுசு வர்ற வரைக்கும் மத்ததைக் கழுவி வச்சேன். பிளாஸ்டிக் குழாயும் ரெசனேட்டரும் பாத்திரம் தேய்க்கற லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவலாம், நிழல்ல ஒரு நாள் முழுக்க கவுத்து வச்சு உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லாம காயணும். ரப்பரை பெட்ரோல், டீசல் போட்டுத் துடைக்காதீங்க, ஊதிப்போயிடும். த்ராட்டில் பக்கத்துல குழாய்க்குள்ள லேசா ஆயில் பசை இருந்தா பயப்பட வேண்டாம், பிரீதர் வழியா வர்ற ஆயில் ஆவிதான், தேங்கி நின்னாத்தான் பிரச்சினை. எம்ஏஎஃப் சென்சாரை அதுக்குன்னு விக்கற கிளீனர் ஸ்ப்ரேயால மட்டும் கழுவுங்க, உள்ள தலைமுடி மாதிரி மெல்லிசான சமாச்சாரம் இருக்கு, விரலோ பட்ஸோ துணியோ படவே கூடாது, கார்ப் கிளீனரும் கூடாது. த்ராட்டில் வாய்ல இருக்கற தகட்டையும் விரலால அமுக்கித் திறக்காதீங்க, எலக்ட்ரானிக் த்ராட்டில்ல அதுக்குப் பின்னாடி மோட்டாரும் பிளாஸ்டிக் கியரும் இருக்கு. குழாய் இல்லாம வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

மாட்டறது கழட்டறதைவிடச் சுலபம், ஆனா அவசரப்படக் கூடாது. துணியை எடுங்க முதல்ல. குழாய் வாய்ல ஒரு சின்ன அம்புக்குறியோ காடியோ இருக்கும், த்ராட்டில் பாடில அதுக்கு நேரா ஒரு மேடு இருக்கும், ரெண்டும் நேருக்கு நேர் உக்காரணும், இல்லன்னா குழாய் முறுக்கிக்கிட்டு நின்னு அந்த முறுக்கத்துலயே சீக்கிரம் வெடிக்கும். வாய் கடைசி வரைக்கும் உள்ள போச்சான்னு விரலால சுத்தியும் தடவிப் பாருங்க, அடிப்பக்கம் பாதி ஏறாம நிக்கறதுதான் வழக்கமா நடக்கற தப்பு. கிளாம்ப் பட்டை ரப்பரோட வரம்புகளுக்கு நடுவுல உக்காந்துச்சான்னு பாத்துட்டு டைட் பண்ணுங்க, ரப்பர் பிதுங்கற அளவுக்கு வேணாம், கையால குழாயைத் திருகினா அசையாம நின்னா சரி. பிரீதர் ஹோஸ், எம்ஏஎஃப் கனெக்டர் 'டிக்'குன்னு உக்கார்ற சத்தம், ஃபில்டர் பாக்ஸ் கிளிப், கடைசியா முன் குழாய். சென்சார் கனெக்டரை மாட்டாம சாவி போட்டா உடனே புது எரர் கோடு ஒண்ணு ஏறும், அதனால அதை ரெண்டு தடவை பாத்துடுங்க.

நம்ம வண்டில ஸ்கேனரை வச்சு எரர் கோடை அழிச்சுட்டு ஓட்டினேன். திணறல் முதல் தெருமுனைலயே போயிருந்துச்சு. ஃபியூல் டிரிம் உடனே இறங்காது, இசியூ திரும்பக் கத்துக்கணும், சில நாள் டிராஃபிக்லயும் ஓஎம்ஆர் ரோட்டுலயும் ஓட்டின பிறகு பிளஸ் 3, 4ன்னு வந்து நின்னுடுச்சு. லைட் திரும்ப வரல.

உங்க வண்டில எம்ஏஎஃப் இல்லாம மேனிஃபோல்டுல எம்ஏபி சென்சார் மட்டும் இருந்தா, குழாய் வெடிச்சாலும் இந்த மாதிரி திணறல் தெரியாது, ஏன்னா அது த்ராட்டிலுக்கு அப்புறம் இருக்கற அழுத்தத்தை வச்சு கணக்குப் போடுது. அறிகுறியே காட்டாம புழுதியை மட்டும் உள்ள விட்டுட்டே இருக்கும், அந்த வண்டிக்காரங்கதான் இன்னும் கவனமா கழட்டிப் பாக்கணும். டர்போ டீசல்னா ஃபில்டர்லருந்து டர்போவுக்குப் போற குழாயை இதே முறைல கழட்டலாம், ஆனா அதுக்குள்ள ஒரு மண் உருண்டை கூட விழக்கூடாது, நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற சக்கரத்துல அது போய் அடிக்கும். டர்போவுக்கு அப்புறம் இன்டர்கூலருக்குப் (காத்தைக் குளிர வைக்கற பாகம்) போற பைப் பிரஷர்ல வேலை செய்யறது, அது கழண்டா இழுவை போயி கரும்புகை தள்ளும், அதோட கிளாம்ப் டைட்டும் வேற கணக்கு, அதை மெக்கானிக்கிட்ட விட்றலாம்.

இன்னொரு விஷயம், சென்னைக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எத்தனை கார் முங்கி நின்னுச்சுன்னு பாத்தோம். இந்தக் குழாயோட வாய் தரையிலருந்து எவ்ளோ உயரம்னு ஒரு தடவை டேப் வச்சு அளந்து வச்சுக்கோங்க, தண்ணி அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழ வந்தாலே, எதிர்ல பஸ் வந்து கிளப்பற அலையில உள்ள உறிஞ்சிடும். தண்ணியை காத்து மாதிரி அமுக்க முடியாது, சிலிண்டருக்குள்ள போச்சுன்னா கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்துல நின்ன வண்டின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, இப்போ சொன்ன மாதிரியே முன் குழாயைக் கழட்டி, ஃபில்டரை எடுத்துத் தொட்டுப் பாருங்க. ஃபில்டர் ஈரமா இருந்தாலோ, பாக்ஸ் அடியில தண்ணியோ சேறோ இருந்தாலோ, மடிப்புக் குழாய்க்குள்ள ஈரக் கோடு தெரிஞ்சாலோ செல்ஃப் அடிக்காதீங்க, தள்ளி ஸ்டார்ட் பண்றதும் கூடாது. எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்க, அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசில இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட் ஆன் போட்டிருக்கீங்களான்னு பாருங்க, சாதா பாலிசில தண்ணி புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணதால வர்ற சேதத்துக்குப் பணம் வராது. ரினியூவல் எனக்கு ஆகஸ்ட்ல வருது, மழைக்கு முன்னாடி, அப்போவே அதைச் சேத்துடறேன்.